எட்டு மணிக்கு ஏறிப் பன்னிரண்டுக்கு இறங்கும் விமானம்

1

நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, இந்தப் பெண் ஆகாயத்திலேயே குடியிருக்கிறாள் போலிருக்கிறது என்று நம் ஊர்ப் பக்கம் யாராவது நினைத்துக்கொண்டு, எங்கள் வீட்டில் போய் ஃபாரின் சென்ட் பாட்டில் கேட்டால் அப்பா பாவம், என்ன செய்வார்.

டெல்லியில் கன்னாட் பிளேஸ் பக்கம் ஒரு டிராவல் ஏஜென்ஸியில் எனக்கு வேலை. டைப்பிஸ்டாகத்தான் சேர்ந்தேன். அங்கே டெலிபோன் டைரக்டரியைவிடத் தடிமனாக ஒரு புத்தகம் உண்டு. உலகத்தில் உள்ள விமானங்கள் எல்லாம் எங்கே எப்போது ஏறி, எங்கே எப்போது இறங்கும் என்ற அட்டவணை. எழுத்து கடுகைவிடச் சின்னது. மற்றவர்கள் அதை டீ கிளாஸ் வைப்பதற்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். நான் அதை, பெண்கள் தொடர்கதை படிப்பதைப்போல, சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். ஆறு மாதத்தில் முதலாளி மல்ஹோத்ரா என்னைக் கவுண்ட்டரில் உட்கார்த்திவிட்டார்.

வாடிக்கையாளர் வந்தால், "எங்கள் மதராஸிப் பெண்ணிடம் எந்த இரண்டு ஏர்போர்ட்டை வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, சர்க்கஸ்காரரைப்போல ஓரமாக ஒதுங்கி நிற்பார். நைரோபி, டோக்கியோ என்பார்கள். எத்தனை மணி நேரம் என்று சொல்வேன். நடுவில் எங்கே நிற்கும் என்று சொல்வேன். அந்த ஊரில் இப்போது பகலா இரவா என்பதையும், கேட்காவிட்டாலும், சொல்வேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குச் சுண்ணாம்புக் காளவாசலில் வேலை. எங்கள் ஊரில் தூரத்துக்கு மூன்றே அளவுகள்தான் இருந்தன. கூப்பிடு தூரம் ஒன்று. ரெண்டு பீடி தூரம் ஒன்று. அதற்கும் மேலே போனால், "அது பஸ்ஸுக்குல்லா போவணும்" என்று முடித்துவிடுவார்கள். அந்த ஊரிலிருந்து வந்து, கண்டம் விட்டுக் கண்டம் தூரம் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன் என்றால், கொஞ்சம் கர்வமாக இருக்காதா? கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

போன சனிக்கிழமை கிட்வாய் நகரில் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். அது விளங்க வேண்டுமானால், என் அறைத்தோழி குளோரி லண்டனுக்குப் புறப்பட்ட நாளிலிருந்து தொடங்க வேண்டும். அது இரண்டு வருடத்துக்கு முந்திய கதை.

2

குளோரி நர்ஸ். வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் நானும் அவளும் ஒரே அறை. லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. வேலை கிடைத்தது சுலபம். பாஸ்போர்ட் கிடைத்ததுதான் பெரும்பாடு.

பாஸ்போர்ட் கேட்டுப் போன இடத்தில், "சர்நேம் என்ன?" என்றார் அதிகாரி.

"இல்லை" என்றாள் குளோரி.

"சர்நேம் இல்லாமல் ஒரு மனுஷி எப்படி இருக்க முடியும்? நான் சர்மா. இவர் குப்தா. நீ?"

"குளோரி."

"அது பேர். நான் குலத்தைக் கேட்கிறேன்."

மூன்று முறை அலைந்த பிறகு, இறந்துபோன அவளுடைய அப்பாவின் பெயரைச் சர்நேம் என்று எழுதிக்கொண்டார்கள். அப்படித்தான் கட்டட வேலைக்காக டெல்லிக்கு வந்து, செங்கல் சுமந்தே போய்ச் சேர்ந்த பொன்னையா இன்று லண்டன் ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாக, "மிஸ் பொன்னையா, மிஸ் பொன்னையா" என்று அழைக்கப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

பொன்னையாவின் மனைவி தங்கம். நான் அவளைச் சித்தி என்று கூப்பிடுவேன். உறவில்லை, ஒரே தாலுகா. கிட்வாய் நகர் அரசாங்கக் குடியிருப்பில் நான்கு வீடுகளுக்குப் பாத்திரம் தேய்த்து, அதன் பின்பக்கத்துக் குடிசையில் இருந்துகொண்டே மகளை நர்ஸாக்கியவள். எதற்கும் பயப்படமாட்டாள். தண்ணீர் லாரியில் சண்டை வந்தால் பஞ்சாபிப் பெண்களே இவளைத்தான் முன்னால் அனுப்புவார்கள். ஆனால் விமானத்துக்குப் பயந்தாள்.

"பஸ்னா ரோடு இருக்கு. ரயில்னா தண்டவாளம் இருக்கு. அதுக்குக் கீழ என்னட்டி இருக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

காற்றழுத்தம் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காத்தா" என்றாள். 

கடைசியில் ஒரு நிபந்தனையின் பேரில் சம்மதித்தாள். "எம் பிள்ள ஆகாசத்துல இருக்குத வரைக்கும் ஜெபம் அறக்கூடாது. ஒரு நிமிசம்கூட. அப்படின்னா போவட்டும்."

சங்கிலி ஜெபம் என்று எங்கள் ஆட்களிடம் ஒன்று உண்டு. ஒருவர் ஒரு மணி நேரம் ஜெபிப்பார். அவர் ஆமென் சொல்லும் இடத்தில் அடுத்தவர் பிடித்துக்கொள்வார். அறுவைச் சிகிச்சை, பரீட்சை, வழக்கு என்று எதற்கும் போடுவோம். முடியும்வரை யாரும் பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடக்கூடாது. கிட்வாய் நகர் தமிழ் ஜெபக் கூட்டம் குளோரிக்காக ஒரு சங்கிலி போடத் தயாரானது.

ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. சங்கிலி எவ்வளவு நீளம்?

3

அதை யாரிடம் கேட்டிருக்க வேண்டும்? டெல்லி மாநகரத்தில், தமிழ்க் கிறிஸ்தவர்களில், விமான அட்டவணையை மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரே பிறவியிடம் கேட்டிருக்க வேண்டும். ஆனால் ஜெபக் கூட்டத்துக்குத் தேவசகாயம் அண்ணாச்சி செயலாளர். அவருக்குத் தணிக்கைத் துறையில் உத்தியோகம். அடுத்தவர் போட்ட கூட்டல் கழித்தலில் பிழை கண்டுபிடிப்பதற்காக இந்திய அரசாங்கம் அவருக்குச் சம்பளமும் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸும் கொடுத்திருந்தது. தங்கம் சித்தி பாத்திரம் தேய்க்கும் வீடுகளில் அதுவும் ஒன்று.

அண்ணாச்சி டிக்கெட்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பார்த்தார்.

"காலைல எட்டு மணிக்கு டெல்லில ஏறுது. பன்னெண்டு மணிக்கு லண்டன்ல எறங்குது. நாலு மணி நேரம். நாலு பேர் போதும்."

"ஒம்பதரை மணி நேரம் அண்ணாச்சி" என்றேன்.

"எப்படி?"

"அந்தப் பன்னெண்டு லண்டன் நேரம். நமக்கும் அவங்களுக்கும் அஞ்சரை மணி நேரம் வித்தியாசம்."

"எம்மா ரூபி. பன்னெண்டுல எட்டுப் போனா எத்தன?"

"நாலு. ஆனா..."

"ஆனா என்ன ஆனா. டிக்கெட்டுல அச்சடிச்சிருக்கான். நீ வாயால சொல்லுத. ஆடிட்டுல நான் எத எடுத்துக்கிடணும்?"

"அங்க பன்னெண்டு மணி ஆகும்போது இங்க சாயங்காலம் அஞ்சரை அண்ணாச்சி. சூரியன் அங்க லேட்டாத்தான் போகும்."

"சூரியன் எப்ப வேணா போகட்டும். நம்ம பிள்ள சூரியன்லயா போறா?"

அவருடைய மகள் ஷீபா சிரித்தாள். ஷீபா டெல்லியில் பிறந்தவள். அவளுக்குத் தமிழ்ப் பாட்டெல்லாம் தெரியும். ஹிந்தி எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவாள். "அக்கா, சோடோ, பப்பாகிட்ட பஹஸ் பண்ணாதீங்க" என்று, வாதாட வேண்டாமென எனக்கு ஆறுதல் சொன்னாள்.

அண்ணாச்சி முடிவாக ஒன்று சொன்னார்: "மெட்ராசுக்கு ரெண்டரை மணி நேரத்துல போற பிளேனு, லண்டனுக்கு நாலு மணி நேரத்துல போகாதா? ஃபாரின் பிளேனு வேற."

நான் வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டதற்குக் காரணம் பணிவு இல்லை. பன்னிரண்டு மணிக்குத் தெரியும் என்று காத்திருந்தேன்.

4

இரண்டாவது சனிக்கிழமை. அரசாங்க அலுவலகங்களுக்கு விடுமுறை. பாலம் விமான நிலையத்துக்கு ஒரு மெட்டடார் வேன் பிடித்து பதினெட்டு பேர் போய் ஒருத்தியை வழியனுப்பிவிட்டுத் திரும்பினோம். சரியாக எட்டு மணிக்கு அண்ணாச்சி வீட்டு முன்னறையில் பாய் விரித்துச் சங்கிலி தொடங்கியது. முதல் மணி அண்ணாச்சி. இரண்டாவது அவர் மனைவி கிரேஸ் அக்கா. மூன்றாவது ஷீபா.

ஷீபாவின் ஜெபத்தை இன்றும் மறக்க முடியவில்லை. "ஏசப்பா, குளோரி அக்கா டீக்-டாக் லண்டன் போய்ச் சேரணும். அவங்க சாமான் கும் ஆகக் கூடாது. அவங்களுக்குக் கிடுக்கிப் பக்கம் சீட் குடுங்க." பத்திரமாக, தொலைந்துபோக, ஜன்னல், எதற்கும் அவளுக்குத் தமிழ் வரவில்லை. ஆண்டவருக்கு ஹிந்தி தெரியும் என்பதால் யாரும் திருத்தவில்லை.

நான்காவது மணி தங்கம் சித்தி. அவள் வார்த்தையே சொல்லவில்லை. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். ஒரு மணி நேரமும் அப்படியே.

பன்னிரண்டு அடித்தது. அண்ணாச்சி எழுந்து முடிவு ஜெபம் செய்தார். "எங்கள் மகளைச் சேதமில்லாமல் லண்டன் மண்ணில் இறக்கினீரே, உமக்குக் கோடி ஸ்தோத்திரம்." எல்லோரும் ஆமென் சொன்னார்கள். உள்ளே கிரேஸ் அக்கா பிரியாணிப் பானையின் மூடியைத் திறந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர்கள் நடுவில் அந்த வாசனை வந்து உட்கார்ந்தது.

தங்கம் சித்தி மட்டும் பாயைவிட்டு எழவில்லை.

"ரூபி."

"என்ன சித்தி?"

"அண்ணாச்சி எறங்கிட்டான்னு சொல்லுதாரு. நீ அன்னைக்கு வேற என்னமோ சொன்னியே. எம் பிள்ள இப்ப எங்கன இருக்கா?"

இந்த நிமிடத்துக்காகத்தான் ஒரு வாரமாகக் காத்திருந்தேன். ஆனால் அவள் கேட்டதும் இரண்டு பதில்களையும் எடைபோட்டுப் பார்த்தேன். ஆமாம், இறங்கிவிட்டாள் என்று சொன்னால் அண்ணாச்சி ஜெயித்துவிடுவார். சித்தி நிம்மதியாகப் பிரியாணி சாப்பிடுவாள். இல்லை என்று சொன்னால் நான் ஜெயித்துவிடுவேன். அவள் மகள் ஜெபமே இல்லாமல் வெறும் காற்றில் தொங்குவாள். எனக்கு ஜெயிப்பது பிடிக்கும். அன்று தோற்றால் தேவலை என்று இருந்தது.

சித்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்திடம் அட்டவணையை மாற்றிச் சொல்ல முடியவில்லை.

"வானத்துலதான் இருக்கா சித்தி."

"கீழ தண்ணியா, தரையா?"

"தரைதான். மலை. துருக்கி தேசம் வரப்போகுது."

"இன்னும் எம்புட்டு நேரம்?"

"அஞ்சரை மணி நேரம்."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனாள். தினமும் தான் தேய்க்கும் கரண்டியைக் கிரேஸ் அக்காவின் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, பானையை மூடினாள்.

"யாரும் சாப்பிட வேண்டாம். எல்லாரும் வந்து உக்காருங்க."

"தங்கம், கணக்குப்படி பாத்தா..." என்று அண்ணாச்சி தொடங்கினார்.

"கணக்கு கெடக்கட்டும் அண்ணாச்சி. மாடி வீட்டுல போன் இருக்குல்லா? ஏர்போர்ட்டுக்குப் போட்டுக் கேட்டுட்டு வாங்க."

மாடி வீட்டு வங்காளி அதிகாரியிடம் போய் அண்ணாச்சி போன் செய்தார். படியிறங்கி வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வந்தார். எதிரில் பதினேழு பேர் பசியோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் கிரேஸ் அக்கா.

"டைம மாத்திட்டாங்களாம்" என்றார் அண்ணாச்சி.

"அப்ப இடையில கால் மணி நேரம் விட்டுப்போச்சே" என்றாள் சித்தி. "அத நீங்க முழங்கால்ல நின்னு சரிக்கட்டுங்க."

தணிக்கைத் துறை முழங்காலில் நின்றது.

5

இரண்டாம் சங்கிலியில் எனக்கும் ஒரு மணி நேரம் கிடைத்தது. எனக்கு ஜெபம் அவ்வளவு சரளமாக வராது. ஐந்து நிமிடத்தில் குளோரி, விமானி, இறக்கை, எஞ்சின் எல்லாம் தீர்ந்துபோயின. இன்னும் ஐம்பத்தைந்து நிமிடம் இருந்தது.  தங்கம் சித்தி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

வேறு வழியில்லாமல் எனக்கு நன்றாகத் தெரிந்ததைத் தொடங்கினேன். "ஆண்டவரே, அங்காராவைக் கடக்கும்போது காத்தருளும். இஸ்தான்புல்லைக் கடக்கும்போது காத்தருளும். சோஃபியாவைக் கடக்கும்போது..." ஒவ்வொரு ஊருக்கும் கூட்டம் ஆமென் சொல்லத் தொடங்கியது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வழியில் உள்ள ஊர்கள் போதாமல், வழியில் இல்லாத ஊர்களையும் சேர்த்துக்கொண்டேன். விமானத்தைக் காற்று அடித்துக்கொண்டு போனால் ஏதென்ஸுக்கும் ரோமுக்கும் பாதுகாப்பு வேண்டாமா? இவ்வளவு உருக்கமான ஜெபத்தை அந்தக் குவார்ட்டர்ஸ் கேட்டதில்லை என்று கிரேஸ் அக்கா பிறகு சொன்னாள்.

ஷீபா மட்டும் காதோடு கேட்டாள்: "அக்கா, பெல்கிரேட் பைபிள்ல எங்க வருது?"

ஐந்தரை மணிக்கு அண்ணாச்சியே மறுபடி மாடிக்குப் போய் போன் செய்துவிட்டு வந்து, விமானம் இறங்கிவிட்டது என்றார். ஆறு மணிக்கு, அடிப்பிடித்து இறுகிப்போன பிரியாணியைச் சாப்பிட்டோம். தங்கம் சித்தி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

அந்த வாரமே இதையெல்லாம் அப்பாவுக்கு எழுதினேன். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர் படித்துக் காட்டுவார், பதிலையும் அவரே எழுதுவார். ஆகையால் எங்கள் வீட்டு விஷயம் ஊரில் எந்த வீட்டுக்கும் தெரியாமல் இருந்ததில்லை. என் அறிவைப் பாராட்டி அப்பா ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பதிலில் ஒன்று கேட்டிருந்தார். லண்டனுக்கு ஒன்பதரை மணி நேரம். நீ நம்ம ஊருக்கு வர மூணு ராத்திரி ஆகுது. அப்போ அந்தப் பிள்ளைதானே பக்கத்துல இருக்கு, நீதானே தூரத்துல இருக்க?

டெல்லியிலிருந்து சென்னைக்கு இரண்டு ராத்திரி, அங்கிருந்து திருநெல்வேலிக்கு ஒரு ராத்திரி. கணக்கு சரிதான். கவுண்ட்டரில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்கு எத்தனையோ தூரம் சொல்லியிருக்கிறேன். யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அந்தக் கோடையில் லீவு போட்டு ஊருக்குப் போய்வந்தேன். கூட்டத்தில் கால் மடக்கி உட்கார்ந்து, மூன்று ராத்திரி. அப்பா பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றார். "வந்துட்டியா" என்றார். லண்டன் பேச்சை எடுக்கவே இல்லை.

6

இரண்டு வருடம் இப்படியே ஓடியது. இந்த டிசம்பரில் குளோரி ஒரு மாத லீவில் வருவதாக எழுதினாள். டிக்கெட் விவரமும் அனுப்பியிருந்தாள். வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு லண்டனில் ஏறுகிறாள். சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு டெல்லியில் இறங்குகிறாள்.

தங்கம் சித்தி மறுபடி சங்கிலி கேட்டாள். இந்தமுறை எல்லோரும் என்னைக் கேட்பார்கள் என்று நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போனேன்.

ஆனால் தேவசகாயம் அண்ணாச்சி இரண்டு வருடமாகச் சும்மா இருக்கவில்லை. போன தடவை பட்ட அவமானத்திலிருந்து ஒரு விதியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"ரூபி சொன்னது சரிதான்" என்று பெருந்தன்மையாகத் தொடங்கினார். "டிக்கெட்டுல போட்டிருக்கது எல்லாம் லண்டன் டைம். அதோட அஞ்சரை கூட்டினா நம்ம டைம். போன தடவ பன்னெண்டோட அஞ்சரை கூட்டினோம். அஞ்சரைக்கு எறங்கிச்சு. கரெக்டா?"

"கரெக்ட்" என்றது கூட்டம்.

"இப்ப ராத்திரி பதினொண்ணோட அஞ்சரை கூட்டு. விடியக்காலம் நாலரை. அப்பதான் பிளேன் ஏறுது. பகல் ஒண்ணோட அஞ்சரை கூட்டு. சாயங்காலம் ஆறரை. அப்ப எறங்குது. மொத்தம் பதினாலு மணி நேரம்."

"அண்ணாச்சி, ஏறுதது லண்டன் நேரம், சரி. எறங்குதது டெல்லில. அது நம்ம நேரம். அதுக்குக் கூட்டக் கூடாது."

"ஒரே டிக்கெட்டுல ஒரு லைன் அவன் டைம், ஒரு லைன் நம்ம டைமா? அப்படி ஒரு கணக்க எந்த ஆபீஸ்ல பாஸ் பண்ணுவான்?"

"எல்லா ஆபீஸ்லயும் அப்படித்தான் அண்ணாச்சி. போறதுக்கு ஒம்பதரை மணி நேரம்னா, வர்றதுக்கு மட்டும் பதினாலா?"

"போகும்போது வெறும் கையோட போனா. வரும்போது சாமானோட வர்றால்லா" என்றாள் கிரேஸ் அக்கா.

விஷயம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. நான் தங்கம் சித்தியைப் பார்த்தேன். போன தடவை நான் சொன்னதுதானே நடந்தது? அவளாவது நியாயம் பேச வேண்டாமா?

"ஒங் கணக்குக்கு எத்தன மணி?" என்றாள்.

"எட்டரை. வரும்போது காத்து பின்னால இருந்து தள்ளும்."

"அண்ணாச்சி கணக்குக்கு?"

"பதினாலு."

"பதினாலே இருக்கட்டும்."

"சித்தி, நான் சொல்லுததுதான் சரி."

"நீ சொல்லுதது சரியாத்தாண்டி இருக்கும். வளர்த பிள்ளைக்குச் சட்ட தைக்கும்போது கூட ரெண்டு இஞ்ச் மடிச்சு வைக்கோம்லா? குறைஞ்சாத்தான் தப்பு. கூட இருந்தா என்ன கெட்டுப்போச்சு?"

அண்ணாச்சி என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். அதை நான் எளிதில் மன்னிக்கப்போவதில்லை.

"அப்ப ஏர்போர்ட்டுக்கு யார் போறது? ஒரு மணிக்கு வந்து எறங்கி, தனியா நிப்பாளே?" என்றேன்.

சித்தி யோசித்தாள். "நீ சொன்ன நேரத்துக்கு நீ போ. அண்ணாச்சி சொன்ன நேரம் வரைக்கும் நான் இங்க இருக்கேன். ரெண்டு பக்கமும் ஆள் இருக்கட்டும்."

பதினான்கு மணி நேரம் என்பதால் உபவாசம் மட்டும் தள்ளுபடி செய்யப்பட்டது.

7

சனிக்கிழமை பகல் நான் தனியாகப் பாலத்துக்குப் போனேன். விமானம் ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே இறங்கியது. பக்கத்தில் அண்ணாச்சி இல்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. கஸ்டம்ஸில் அவள் பெட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டு விடும்போது மூன்று மணி ஆகப்போனது.

குளோரி கொஞ்சம் சிவந்து, கொஞ்சம் குண்டாக, நீளமான கம்பளிக் கோட்டோடு வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா எங்க?"

"நீ வானத்துல இருக்க. அதனால வர முடியல."

டாக்ஸியில் வரும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆறு வார்த்தைக்கு ஒரு தடவை "சாரி" என்றாள், டாக்ஸிக்காரரிடம்கூட. நான் வழியெல்லாம் ஒன்றையே யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. குளோரியை முன்னால் நிறுத்திவிட்டு, அண்ணாச்சியின் முகத்தை மட்டும் பார்க்க வேண்டும்.

கிட்வாய் நகர் போனபோது மூன்றரைக்குப் பத்து நிமிடம் இருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே பாயில் பத்துப் பேர். அண்ணாச்சியின் முறைதான் ஓடிக்கொண்டிருந்தது. கண்களை இறுக மூடி, இரண்டு கைகளையும் மேலே தூக்கியிருந்தார்.

"அந்தரத்திலே பறந்துகொண்டிருக்கிற எங்கள் மகளைத் தாங்கும், கர்த்தாவே."

எங்கள் மகள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

முதலில் ஷீபா பார்த்தாள். பிறகு கிரேஸ் அக்கா. பிறகு எல்லோரும். ஆனால் ஒருவர் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசுவது எங்களிடம் வழக்கமில்லை. தங்கம் சித்தி பார்த்தாள். எழுந்து ஓடிவருவாள் என்று நினைத்தேன். உட்கார்ந்த இடத்திலேயே வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் தன் பக்கத்தில் பாயைத் தட்டிக் காட்டினாள். குளோரி கோட்டோடு பூனைபோல் நடந்து போய் அங்கே உட்கார்ந்தாள். சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கோட்டின் கையைத் தடவிப் பார்த்தாள். முழங்கையை அமுக்கிப் பார்த்தாள். 

"அவளுடைய விமானத்தின் வலது இறக்கையைத் தாங்கும். இடது இறக்கையைத் தாங்கும். விமானிக்குத் தூக்கம் வராமல் காத்தருளும்."

ஆமென் என்றாள் குளோரி.

அண்ணாச்சி அந்தக் குரலைக் கேட்டுக் கொஞ்சம் தடுமாறினார். ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. தணிக்கைத் துறைக்காரர், தன் நேரம் முடிய இன்னும் இருந்த ஐந்து நிமிடத்தையும் முழுசாக முடித்துவிட்டுத்தான் திறந்தார்.

நான் காத்திருந்த முகம் அதுதான். அவர் குளோரியைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்காமல் தவிர்த்தார்.

"வந்துட்டியாம்மா" என்றார். "சீக்கிரமா வந்துட்ட."

அறை முழுக்கச் சிரித்தது. குளோரியைச் சுற்றி எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கிரேஸ் அக்கா டீ போட எழுந்தாள். அப்போது சித்தி சொன்னாள்:

"இன்னும் மூணு மணி நேரம் பாக்கி இருக்குல்லா அண்ணாச்சி."

"யம்மா, நான்தான் வந்துட்டேனே. இனி எதுக்கு?" என்றாள் குளோரி.

"ஒனக்குத் தெரியாது, சும்மா இரி. ஒரு மாசத்துல திரும்பப் போவேல்லா? அந்த மூணு மணி நேரத்த அப்பத்துக்கு வரவு வச்சுக்கிடலாம்."

 ஒரு மாதம் என்பதை அதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். அவருடைய துறைக்குள் ஒரு கேள்வி வந்துவிட்டது.

"அப்படி முடியாது தங்கம். ஒதுக்கினத அந்தந்தக் கணக்குலயே செலவழிச்சிரணும். மிச்சம் வச்சா காலாவதி. வர்றது ஒரு கணக்கு, போறது வேற கணக்கு. அதுக்குப் புதுசாத்தான் சாங்ஷன் வாங்கணும்."

"அப்படின்னா இன்னைக்கே முடிச்சிருவோம். அடுத்தது யாரு?"

அடுத்தது நான்.

இறங்கிவிட்ட விமானத்துக்காக எப்படி ஜெபிப்பது என்று எந்த அட்டவணையிலும் இல்லை. ஊர்களின் பெயரைச் சொல்லலாம் என்றால், எல்லா ஊரும் கடந்துபோய்விட்டன. கண்ணை மூடிக்கொண்டு, பெட்டி உடையாமல் வந்ததற்கு நன்றி சொன்னேன். கஸ்டம்ஸ் அதிகாரிக்காக ஜெபித்தேன். அந்த விமானி இந்நேரம் எங்கோ ஓட்டலில் தூங்கிக்கொண்டிருப்பார், அவருக்காகவும் ஜெபித்தேன். அதற்குமேல் சரக்கில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன்.

குளோரி அம்மாவின் மடியில் தலைவைத்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். லண்டனில் அவளுக்கு அப்போது காலை பத்து மணி என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. சித்தி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மடி மரத்துப்போயிருக்கும். ஒரு கை மகளின் நெற்றியில் இருந்தது.

என் குரல் தானாகவே இறங்கிவிட்டது. என்ன சொல்கிறேன் என்று எனக்கே கேட்கவில்லை. செயலாளர் என்ற முறையில் அண்ணாச்சி, சத்தமாகச் சொல்லு என்று என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார்.

தங்கம் சித்தி கண்ணைத் திறக்காமலே, "மெல்லவே சொல்லட்டும் அண்ணாச்சி" என்றாள். "பிள்ள தூங்குதா."